பாரும் கல்லறையும்: ஜோசஃப் மிட்செலின் நியூயார்க்கை எவ்வளவு நம்பலாம்?

பழைய நகரங்களைப் பற்றி எழுதுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஊருக்குள் போனதும் பழைய பார் எது, பழைய கல்லறைத் தோட்டம் எது என்று விசாரிப்பார்கள். லண்டன், டப்ளின், நியூ ஆர்லியன்ஸ் என்று எந்த ஊரைப் பற்றிப் படித்தாலும் இந்த இரண்டும் வந்துவிடும். காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். கோட்டையும் நீதிமன்றமும் ஆண்டவர்களைப் பற்றிச் சொல்லும். சாதாரண ஆள் சாயங்காலம் எங்கே உட்கார்ந்தான், கடைசியில் எங்கே படுத்தான் என்று தெரிய வேண்டுமானால் பாருக்கும் கல்லறைக்கும்தான் போக வேண்டும் என்பது நம்பிக்கை.

இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் தாங்கும்? அதைச் சோதிக்க நியூயார்க் நல்ல இடம். ஏனென்றால் இந்த வழியில் எழுதியவர்களில் ஆகச் சிறந்தவர் என்று பலரும் சொல்லும் ஜோசஃப் மிட்செல் அந்த ஊரைத்தான் எழுதினார். அவருடைய புகழ்பெற்ற கட்டுரைகளில் ஒன்று பாரைப் பற்றியது, 1940-ல் வந்தது. இன்னொன்று கல்லறைத் தோட்டத்தைப் பற்றியது, 1956-ல் வந்தது. இரண்டும் நியூயார்க்கர் இதழில் வெளியானவை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோது எனக்குத் தோன்றியவை இவை.

மிட்செல் யார்?

வட கரோலினா மாநிலத்தின் ஃபேர்மாண்ட் என்ற சின்ன ஊரில் 1908-ல் பிறந்தவர். பருத்தி, புகையிலை விளைகிற பகுதி. 1929 அக்டோபரில், பங்குச் சந்தை சரிந்த அதே வாரம், 21 வயதில் நியூயார்க் வந்து சேர்ந்தார். சில ஆண்டுகள் நாளிதழ் நிருபர். 1938-ல் நியூயார்க்கர் இதழில் சேர்ந்தார். 1964-ல் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். அதற்குப் பிறகு 1996-ல் இறக்கும்வரை தினமும் அலுவலகம் போனார், அறைக்கதவைச் சாத்திக்கொண்டார், புதிதாக எதையும் அந்த இதழில் வெளியிடவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல்! எழுத்தாளர்களின் மௌனம் என்று பேச்சு வந்தால் இவர் பெயர் தவறாமல் வரும்.

அவர் எழுதியது மேயரைப் பற்றியோ கோடீஸ்வரர்களைப் பற்றியோ அல்ல. மீன் சந்தை ஆட்கள், தெருவில் திரிகிறவர்கள், பார் முதலாளிகள், சிப்பி எடுக்கிறவர்கள். பேசவிட்டுக் கேட்பார். பக்கம் பக்கமாக அவர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள். படிக்கிறவருக்கு மிட்செல் என்று ஒருவர் நடுவில் இருப்பதே மறந்துபோகும்.

முதலில் பார்

1940 ஏப்ரலில் வந்த கட்டுரை மெக்ஸோர்லீஸ் என்ற சலூனைப் பற்றியது. (முடி வெட்டும் சலூன் இல்லை. அமெரிக்காவில் சலூன் என்றால் குடிக்கிற இடம்.) மன்ஹாட்டனில் கிழக்கு 7-வது தெரு, 15-ஆம் எண். இன்றும் நடக்கிறது. ஏல் என்ற ஒரு வகை பியர் மட்டும்தான். கறுப்பா, வெளுப்பா என்பது மட்டும்தான் உங்கள் தேர்வு. நம்மூர் டாஸ்மாக் பாரை மனசில் வைத்துக்கொண்டு இதைக் கற்பனை செய்ய முடியாது. கிராமத்துத் திண்ணைதான் கொஞ்சம் நெருங்கி வரும். ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்காருகிற கிழவர்களின் இடம்.

மிட்செல் கொடுக்கிற விவரங்கள் அபாரமானவை. கல்லாப்பெட்டி இயந்திரம் கிடையாது, சில்லறைகளைச் சூப் கிண்ணங்களில் வகைவாரியாகப் போட்டு வைப்பார்கள். சுவரில் மூன்று கடிகாரங்கள், மூன்றும் வேறு வேறு நேரம் காட்டும். நிறுவியவர் ஜான் மெக்ஸோர்லி, அயர்லாந்திலிருந்து வந்தவர், பச்சை வெங்காயத்தை ஆப்பிள் மாதிரி கடித்துத் தின்பவர். பிறகு அவர் மகன் பில். 1936-ல் பில்லிடமிருந்து ஒரு ஓய்வுபெற்ற போலீஸ்காரர் வாங்கினார். அவர் இறந்ததும் அவர் மகள். ஆக, எண்பத்தாறு வருஷத்தில் நான்கே முதலாளிகள், நாலு பேருக்கும் மாற்றம் என்றாலே ஆகாது.

இந்த ஒரு கடையை வைத்தே நியூயார்க்கின் பாதி வரலாற்றைச் சொல்லிவிடலாம். பஞ்சத்துக்குப் பின் அயர்லாந்து மக்கள் கப்பல் கப்பலாக வந்தது. அவர்கள் கூலிவேலையில் சேர்ந்தது, அந்தக் கூலிக்காரர்களுக்கு ஒரு உட்காரும் இடம் தேவைப்பட்டது. பக்கத்திலேயே கூப்பர் யூனியன் கல்லூரியை நிறுவிய தொழிலதிபர் பீட்டர் கூப்பரும் அங்கே வந்து உட்கார்ந்தது. ஜான் ஸ்லோன் என்ற ஓவியர் 1912-லிருந்து அந்தக் கடையைத் திரும்பத் திரும்ப வரைந்தது. 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. அந்தக் காலத்தில் நிலவறையில் ஒரு வயதான ஆள் ஏல் காய்ச்ச, மேலே வியாபாரம் தடையில்லாமல் நடந்தது. இவ்வளவும் ஒரே கூரைக்குக் கீழே. பார் வழியாக வரலாறு என்கிற முறைக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடைக்காது.

இப்போது சிக்கலுக்கு வருவோம்.

கடை 1854-ல் திறந்தது, ஊரிலேயே பழைய சலூன் என்று மிட்செல் எழுதுகிறார். கடையின் பலகையும் அதைத்தான் சொல்கிறது. பிற்காலத்தில் ஒரு வரலாற்று ஆர்வலர் உட்கார்ந்து பழைய வரிப் பதிவேடுகளையும் காப்பீட்டு வரைபடங்களையும் மக்கள்தொகைக் கணக்கையும் தேடினார். 1860-61 வாக்கில் அந்த மனை காலியாகக் கிடந்ததாகத்தான் அவற்றில் இருக்கிறது. இதற்கு எதிர்ச்சான்றும் இருக்கிறது. ஜான் மெக்ஸோர்லியே 1904-ல் கைப்பட எழுதிய காகிதம் ஒன்று 1854 என்கிறது. ஆனால் அது கடை முதலாளி தன் கடைக்குக் கொடுத்துக்கொண்ட சான்றிதழ், அதுவும் ஐம்பது வருஷம் கழித்து.

ஏழெட்டு வருஷ வித்தியாசத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். 1860 பிப்ரவரி 27-ல் ஆப்ரஹாம் லிங்கன் கூப்பர் யூனியனில் ஓர் உரை நிகழ்த்தினார். அவர் ஜனாதிபதி ஆவதற்கு வழி திறந்த உரை என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வார்கள். பேசி முடித்ததும் நேராக மெக்ஸோர்லீஸுக்கு வந்து ஒரு கோப்பை ஏல் குடித்தார் என்பது கடையின் கதை. வரிப் பதிவேட்டை நம்பினால் லிங்கன் ஒரு காலி மனையில் நின்றுதான் குடித்திருக்க வேண்டும்.

இன்னொரு கதை இதைவிட முக்கியம். பாரின் மேலே விளக்குக் கம்பியில் வான்கோழியின் கவை எலும்புகள் தொங்கும். அமெரிக்கர்கள் ஆளுக்கொரு முனையைப் பிடித்து உடைத்து வேண்டிக்கொள்கிற எலும்பு. முதல் உலகப் போருக்குக் கிளம்பிய பையன்கள் ஆளுக்கொன்றாகத் தொங்கவிட்டுப் போனார்கள், திரும்பி வந்தவர்கள் தங்களுடையதை எடுத்துக்கொண்டார்கள், இன்னும் தொங்குபவை வராதவர்களுடையவை என்று சொல்வார்கள். கேட்கும்போது தொண்டை அடைக்கும். அந்த எலும்புகள்மேல் பல பத்தாண்டுகளாகப் படிந்த தூசியை யாரும் தொட்டதில்லை. 2011-ல் சுகாதார ஆய்வாளர்கள் கேட்டுக்கொண்ட பிறகு, வேறு யாரையும் விடாமல் முதலாளியே இறக்கித் துடைத்தார்.

ஆனால் மிட்செலின் கட்டுரையில் போர் வீரர்களே இல்லை. ஜான் மெக்ஸோர்லிக்குப் பழைய சாமான் சேர்க்கிற பழக்கம் உண்டு, பண்டிகை வான்கோழிகளின் எலும்பைப் பல வருஷம் சேர்த்துக் கம்பியில் கோத்தார், அவ்வளவுதான். 1940-ல் போர் முடிந்து இருபத்திரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அப்படி ஒரு வழக்கம் இருந்திருந்தால் கடையில் உட்கார்ந்திருந்த கிழவர்களில் ஒருவராவது மிட்செலிடம் சொல்லியிருப்பார். இதுபோன்ற கதை கிடைத்தால் விடுகிற ஆளும் அல்ல அவர்.

இங்கே மிட்செலுக்கு ஒரு பெரிய மதிப்பெண் போட வேண்டும். பாரின் வருஷத்தை அவர் சரிபார்க்கவில்லை, முதலாளி சொன்னதை எழுதினார். ஆனால் ஒரு சாதாரண உண்மையைச் சாதாரணமாகவே பதிவு செய்துவிட்டுப் போனார். பின்னால் வளர்ந்த கதையை அளந்து பார்க்க இன்று நம்மிடம் இருக்கிற அளவுகோல் அவருடைய ஒரு வாக்கியம்தான்.

கதவுக்கு வெளியே

பார் வழியாக வரலாறு என்னும்போது யாரும் கேட்காத கேள்வி, அந்தக் கதவுக்குள் யார் போக முடிந்தது என்பது. மெக்ஸோர்லீஸின் கொள்கை மூன்று அம்சத் திட்டம் மாதிரி: நல்ல ஏல், பச்சை வெங்காயம், பெண்களுக்கு இடமில்லை. மிட்செல் இதை நகைச்சுவையாகத்தான் எழுதுகிறார். வேர்க்கடலை விற்கிற ஒரு கிழவி மட்டும் உள்ளே வர அனுமதி என்று செல்லமாகச் சொல்கிறார். 1939 முதல் கடை முதலாளியே ஒரு பெண்தான், டோரதி கிர்வன். பெண்களை உள்ளே விடமாட்டேன் என்று அப்பாவுக்குக் கொடுத்த வாக்குக்காக, அவரே கடை மூடிய பிறகுதான் உள்ளே வருவாராம். இதையும் மிட்செல் ஓர் அழகான விநோதமாகத்தான் பார்க்கிறார்.

முப்பது வருஷம் கழித்து, 1969 ஜனவரியில், ஃபெய்த் சைடன்பெர்க், கேரன் டிக்ரோ என்ற இரண்டு பெண்கள் உள்ளே போய் ஏல் கேட்டார்கள். கொடுக்கவில்லை. வழக்குப் போட்டார்கள். மதுக்கடைக்கு உரிமம் கொடுத்துக் கட்டுப்படுத்துவது மாநில அரசு, ஆகவே கடை பாகுபாடு காட்டினால் அரசும் அதில் சம்பந்தப்படுகிறது என்பது வாதம். 1970 ஜூனில் கூட்டாட்சி நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ஆகஸ்டில் மேயர் ஜான் லிண்ட்சே பொது இடங்களில் இந்தப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டத்தில் கையெழுத்திட்டார். பெண்களுக்கென்று தனிக் கழிப்பறை வர இன்னும் பதினாறு வருஷம் ஆனது, 1986.

பாருக்குள் உட்கார்ந்து எழுதினால் இந்த வரலாறு கிடைக்காது. அது நீதிமன்றக் கோப்பில் இருக்கிறது. மிட்செலைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. 1940-ல் பெரும்பாலான ஆண்கள் அதை அப்படித்தான் பார்த்தார்கள். ஆனால் பழைய பாரில் சாதாரண மக்களின் வரலாறு இருக்கிறது என்று சொல்லும்போது, சாதாரண மக்களில் பாதிப்பேர் வாசலிலேயே நிறுத்தப்பட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

இனி கல்லறை

1956 செப்டம்பரில் வந்த கட்டுரையின் தலைப்பே திரு. ஹண்டரின் கல்லறை. மனசு பாரமானால் மிட்செல் ஸ்டாட்டன் தீவின் தென்பக்கம் போய்ப் பழைய கல்லறைத் தோட்டங்களில் காட்டுப்பூ பார்த்துக்கொண்டு திரிவாராம். அப்படித் திரியும்போது ஒரு பாதிரியார் சொல்லி, சாண்டி கிரவுண்ட் என்ற இடத்தில் இருக்கும் ஜார்ஜ் ஹண்டர் என்ற 87 வயதுக் கறுப்பினப் பெரியவரைத் தேடிப் போகிறார். ஹண்டர் சமையலறையில் கேக் செய்துகொண்டிருக்கிறார். பேசுகிறார்கள். பிறகு இருவரும் கல்லறைத் தோட்டத்துக்கு நடக்கிறார்கள். ஒவ்வொரு கல்லாக நின்று ஹண்டர் அந்த ஆளைப் பற்றிச் சொல்கிறார்.

சாண்டி கிரவுண்டின் பின்னணி தெரிந்தால்தான் இதன் கனம் புரியும். நியூயார்க் மாநிலத்தில் அடிமை முறை முழுமையாக ஒழிந்தது 1827 ஜூலை 4-ல். மறு வருஷமே ஜான் ஜாக்ஸன் என்ற கறுப்பினத்தவர் இந்தப் பகுதியில் நிலம் வாங்கினார். பின்னர் மேரிலாண்டின் ஸ்நோ ஹில் பகுதியிலிருந்து சிப்பி எடுக்கும் சுதந்திரக் கறுப்பினக் குடும்பங்கள் வந்தன. அங்கே கறுப்பினத்தவர்கள் படகுக்குத் தலைமை தாங்கக்கூடாது என்பது போன்ற சட்டங்கள் வந்து தொழிலை நெருக்கியிருந்தன. இங்கே சொந்தப் படகு, சொந்த வீடு, 1850-ல் சொந்தத் தேவாலயம். பக்கத்திலேயே கல்லறைத் தோட்டம். அமெரிக்காவில் அப்படி ஓர் ஊர் அபூர்வம்.

பிறகு நகரத்தின் சாக்கடை விரிகுடாவைக் கெடுத்தது. சிப்பி தின்றவர்களுக்கு டைஃபாய்டு வந்தது. 1916-ல் சிப்பிப் படுகைகளைச் சுகாதாரத் துறை மூடியது. ஊரின் தொழில் போனது, இளையவர்கள் போனார்கள். மிட்செல் போனபோது மிச்சம் இருந்தது சில வீடுகளும் கல்லறைகளும் ஹண்டரின் ஞாபகமும்.

பாருக்கும் கல்லறைக்கும் இருக்கும் வித்தியாசம் இங்கே தெரிகிறது. பார் ஓயாமல் பேசும், அதில் பாதி அளப்பு. கல்லறையோ பேசாது. பெயர், இரண்டு தேதி, அதிகம் போனால் ஒரு பைபிள் வசனம். அதைப் பேசவைக்க ஓர் ஆள் வேண்டும். கல்லில் பெயர் மட்டும் இருக்கும் ஒருவர் எந்தப் படகு வைத்திருந்தார், எதற்குச் சிரித்தார், யாரோடு சண்டை போட்டார் என்று ஹண்டர் சொல்லும்போது அந்தத் தோட்டமே ஒரு தெரு மாதிரி ஆகிவிடுகிறது. நான் படித்த கல்லறை எழுத்தில் இதற்குப் பக்கத்தில் வைக்க வேறு எதுவும் இல்லை.

கடைசியில் ஹண்டரின் சொந்தக் கல்லுக்கு வருகிறார்கள். கல்லில் அவர் பெயரும் ஏற்கனவே பொறித்திருக்கிறது. ஆனால் அதன் கீழே அவருக்கு இடமில்லை! மனைவியின் குழியை ஆழமாகத் தோண்டச் சொல்லியிருந்தார், தனக்கும் அதே குழியில் மேலே இடம் வேண்டும் என்று. குழி தோண்டியவர் அவ்வளவு ஆழம் போகவில்லை. ஆகவே பெயர் ஓரிடத்தில், உடல் வேறிடத்தில். பார் பலகையில் இருக்கும் 1854-ஐப் போலவே கல்லறைக் கல்லும் எல்லா நேரத்திலும் நிஜத்தைச் சொல்லாது என்பதற்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் வேண்டியதில்லை.

2015-ல் வந்த இடி

மிட்செல் இறந்து பத்தொன்பது வருஷம் கழித்து, தாமஸ் குங்கல் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டார். மிட்செலின் குறிப்பேடுகளையும் காகிதங்களையும் பார்த்து எழுதியது. அதில் தெரியவந்த விஷயம்: மிட்செல் பல இடங்களில் இட்டுக்கட்டியிருக்கிறார். சில கட்டுரைகளின் நாயகர்கள் பலரைக் கலந்து செய்த ஒரே ஆள். ஹண்டர் நிஜ மனிதர்தான். ஆனால் ஒரு நாளில் நடந்ததுபோல் எழுதப்பட்டது பல சந்திப்புகளைக் கோத்துக் கட்டியது. பக்கம் பக்கமாக ஓடும் அந்தப் பேச்சுகளும் மிட்செல் வெட்டி, ஒட்டி, இழைத்து உருவாக்கியவை.

இது ஒரேயடியாகத் திடீர்ச் செய்தி என்றும் சொல்ல முடியாது. மீன் சந்தைக் கிழவர் ஃப்ளட் பற்றிய கட்டுரைகளை 1948-ல் புத்தகமாகப் போட்டபோதே, ஃப்ளட் என்பவர் ஒரே ஆள் இல்லை, பல கிழவர்களின் கலவை என்று மிட்செலே முன்னுரையில் சொல்லிவிட்டார். ஹண்டர் கட்டுரைக்கு அப்படி ஒரு முன்னுரை இல்லை. வாசகர்கள் அதை நடந்ததாகவே படித்தார்கள்.

புத்தகம் வந்ததும் ஒரு விவாதம் கிளம்பியது. ஜேனட் மால்கம் மிட்செலுக்கு ஆதரவாக எழுதினார். அவர் வாதத்தின் சாரம் இது: மற்றவர்கள் இப்படிச் செய்யாததற்குக் காரணம் அவர்களுடைய ஒழுக்கம் அல்ல, மிட்செலிடம் இருந்த திறமை அவர்களிடம் இல்லை, அவ்வளவுதான். சாமர்த்தியமான வாதம். எதிர்த்தரப்பு சொன்னது, பொய் பொய்தான், எவ்வளவு அழகாக இருந்தாலும்.

எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. இரண்டு தரப்புமே மிட்செலின் எல்லாக் கட்டுரைகளையும் ஒரே தட்டில் வைத்துத்தான் பேசுகின்றன. ஒன்று எல்லாவற்றையும் மன்னிக்கிறது, இன்னொன்று எல்லாவற்றையும் தள்ளுகிறது. நான் பிழைப்புக்கு மென்பொருள் எழுதுகிறவன். எங்கள் தொழிலில் ஒரு தரவில் யாராவது கைவைத்தால் முதலில் கேட்கிற கேள்வி, வேறு பிரதி இருக்கிறதா என்பது. பிரதி இருந்தால் ஒப்பிட்டுப் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம். இல்லாவிட்டால் போனது போனதுதான்.

மெக்ஸோர்லீஸ் விஷயத்தில் பிரதிகள் ஏராளம். வரிப் பதிவேடு, காப்பீட்டு வரைபடம், ஸ்லோனின் ஓவியங்கள், பத்திரிகைச் செய்திகள், நீதிமன்றத் தீர்ப்பு. அங்கே மிட்செல் ஒரு வாக்கியத்தை அழகுக்காக மாற்றியிருந்தாலும் நஷ்டம் குறைவு. தேடினால் பிடித்துவிடலாம், 1854-ஐப் பிடித்த மாதிரி.

சாண்டி கிரவுண்ட் அப்படி இல்லை. 1970-களில் அங்கே தொல்லியல் அகழாய்வு நடந்தது. 1980-ல் ஊர்க்காரர்களே ஒரு வரலாற்றுச் சங்கம் தொடங்கினார்கள். 1963-ல் ஒரு பெருந்தீ பழைய வீடுகள் பலவற்றைக் கொண்டுபோயிருந்தது. மண்ணுக்குள் கிடைத்த தட்டும் பாட்டிலும் சிப்பி ஓடும் அந்த மக்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று சொல்லும். ஹண்டர் என்ன சொன்னார் என்று சொல்லாது. வெளியுலகத்தில் மிகப் பெரும்பாலானோருக்கு அந்த மனிதரின் குரல் மிட்செல் வழியாக மட்டும்தான் கிடைத்தது. வேறு பிரதி இல்லாத அந்த இடத்தில்தான் அவர் கைவைத்திருக்கிறார்.

ஆகவே என் கணக்கு இது. இட்டுக்கட்டியதன் கனத்தை எவ்வளவு மாற்றினார் என்பதை மட்டும் வைத்து அளக்கக் கூடாது. யாருடைய பேச்சை மாற்றினார், அந்த ஆளுக்கு மறுத்துச் சொல்ல வேறு சாட்சி உண்டா என்று பார்க்க வேண்டும். பார் முதலாளிக்குப் பலகை இருக்கிறது, படம் இருக்கிறது, வக்கீல் இருக்கிறார். அடிமைகளின் வாரிசுகளாக வந்து ஓர் ஊரைக் கட்டி, அது கண்முன்னே கரைவதைப் பார்த்த ஒரு பெரியவருக்குத் தன் சொல்லைத் தவிர வேறு எதுவும் இல்லை. கட்டுரை அழகாக இருப்பதால் இந்த நஷ்டம் ஈடாகிவிடாது. சொல்லப்போனால் கட்டுரை அழகாக இருப்பதால்தான் அதைச் சரிபார்க்க வேண்டும் என்றே அறுபது வருஷம் யாருக்கும் தோன்றவில்லை.

கல்லே இல்லாதவர்கள்

கல்லறை வழியாக வரலாறு என்கிற முறைக்கு இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. சாண்டி கிரவுண்டில் கல்லாவது இருந்தது.

1697-ல் மன்ஹாட்டனின் ட்ரினிட்டி தேவாலயம் தன் கல்லறை வளாகத்தில் கறுப்பினத்தவர்களைப் புதைக்கக் கூடாது என்று தடைபோட்டது. இன்று சுற்றுலாக்காரர்கள் அலெக்ஸாண்டர் ஹாமில்டன் கல்லறையைப் பார்க்க வரிசையில் நிற்கிறார்களே, அதே வளாகம். ஆப்பிரிக்கர்கள், அடிமைகளும் சுதந்திரமானவர்களும், ஊருக்கு வெளியே வடக்கே ஒரு நிலத்தில் புதைக்கப்பட்டார்கள். 1755-ல் வரைந்த நகர வரைபடத்தில் அந்த இடம் பெயரோடு குறிக்கப்பட்டிருக்கிறது. 1794-ல் அது மூடப்பட்டது. மேலே மண் கொட்டி, மனை போட்டு, கட்டடம் எழுப்பினார்கள். நகரம் மறந்தே போனது.

1991-ல் பிராட்வேயில் 290-ஆம் எண்ணில் கூட்டாட்சி அரசின் அலுவலகக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டும்போது எலும்புகள் வெளிப்பட்டன. மொத்தம் 419 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. அந்த நிலம் முழுவதிலும் சுமார் 15,000 பேர் புதைக்கப்பட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. கறுப்பின மக்கள் போராடித்தான் தோண்டும் வேலை நின்றது. ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் எலும்புகள் ஆராயப்பட்டன. குழந்தைகள் நிறைய இருந்தார்கள். பெரியவர்களின் எலும்புகளில் தாங்க முடியாத சுமை தூக்கியதன் அடையாளங்கள் இருந்தன. நியூயார்க்கில் அடிமை முறை லேசாகத்தான் இருந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு அது பதில். 2003-ல் மறுபடி அடக்கம் செய்தார்கள். 2006-ல் தேசிய நினைவிடம் ஆனது.

மிட்செல் நாளிதழ் நிருபராக அந்தப் பகுதியில்தான் நடந்து திரிந்தார். பழைய கல்லறை என்றால் விடாத மனிதர். அவர் காலடியில் இருபது அடிக்குக் கீழே ஊரின் மிகப் பழைய கல்லறைகளில் ஒன்று இருந்தது. மேலே எந்த அடையாளமும் இல்லை.

இது ஒன்று மட்டும் இல்லை. மாணவர்கள் கிடார் வாசிக்கிற வாஷிங்டன் சதுக்கம் 1797 முதல் 1825 வரை ஏழைகளுக்கும் கேட்பாரற்றவர்களுக்குமான இடுகாடு. ஏறக்குறைய 20,000 பேர். 1869 முதல் ஹார்ட் தீவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் பொதுக்குழிகளில். 2020 வரை அங்கே குழி தோண்டியவர்கள் சிறைக்கைதிகள். இப்போதுதான் அந்தத் தீவு பூங்காத் துறையின் கைக்கு வந்திருக்கிறது. அழகான பழைய கல்லறைத் தோட்டங்களில் உலவி நியூயார்க்கைப் புரிந்துகொள்ளலாம் என்று கிளம்பினால், இவர்களில் ஒருவரையும் சந்திக்க மாட்டோம்.

அப்படியானால் இந்த முறையே வேண்டாமா?

வேண்டும். மெக்ஸோர்லீஸைப் பற்றி மிட்செல் எழுதியிருக்காவிட்டால் கவை எலும்பின் நிஜம் தெரிந்திருக்காது. அவர் காட்டுப்பூ தேடிப் போகாவிட்டால் சாண்டி கிரவுண்ட் என்ற பெயர் நம்மில் ஒருவர் காதிலும் விழுந்திருக்காது. 1982-ல் மேயர் எட் காச் மிட்செலை நகரத்தின் வரலாற்றுச் சின்னங்கள் பாதுகாப்பு ஆணையத்தில் உறுப்பினராக்கினார். ஐந்து வருஷம் இருந்தார். அந்த ஐந்து வருஷத்துக்குள்தான், 1985-ல், சாண்டி கிரவுண்ட் கல்லறைத் தோட்டம் நகரத்தின் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்டது. ஆக, இன்று நீங்கள் அங்கே போனால் கற்கள் இருக்கின்றன.

ஆனால் பாரும் கல்லறையும் ஏற்கனவே யாரோ எடிட் செய்து வைத்த ஆவணங்கள் என்பதை மறக்கக் கூடாது. பாரை எடிட் செய்வது வியாபாரம். அதற்கு வயது கூடினால் மதிப்புக் கூடும், ஆகவே வருஷத்தைப் பின்னுக்குத் தள்ளும், எலும்புக்குக் கதை கட்டும். கல்லறையை எடிட் செய்வது காசும் சாதியும் நிறமும். (சாதி என்ற சொல்லை நான் சும்மா போடவில்லை, நம்மூர்க் கல்லறைத் தோட்டங்களில் எழுப்பப்பட்ட சுவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்குப் புரியும்.) பாரில் இருப்பதைக் கொஞ்சம் கழித்துப் படிக்க வேண்டும். கல்லறையிலோ இல்லாததைக் கூட்டிப் படிக்க வேண்டும்.

மிட்செலின் கட்டுரைகள் பெரும்பாலானவை 1992-ல் ஒரே தொகுதியாக வந்தன, எளிதாகக் கிடைக்கிறது. வாங்கினால் மெக்ஸோர்லீஸை முதலில் படியுங்கள், சிரித்துக்கொண்டே படிக்கலாம். ஹண்டர் கட்டுரையை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்கி வையுங்கள். அழாமல் முடிப்பது கஷ்டம். அந்தப் பெரியவர் பேசுகிற பக்கங்களின் ஓரத்தில் மட்டும், இது யார் குரல் என்று பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வையுங்கள். என் பிரதியில் பதினேழு இருக்கிறது.